தொகுதிப்படிக்குக் கணக்கு உண்டா?

தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மக்கள் பிரதிநிதிக்கு அரசுக் கருவூலத்திலிருந்து செல்லும் பணம் இரு வேறு தேவைகளுக்கானது. அவரும் அவரை நம்பியிருக்கும் குடும்பமும் வாழ்வதற்கான வருமானம் ஒன்று. அந்தப் பதவிக்குரிய வேலையைச் செய்ய ஆகும் செலவு, அதாவது தலைநகரில் தங்குமிடம், தொகுதியில் அலுவலகம், உதவியாளர், வண்டி, தொலைபேசி, அஞ்சல் ஆகியவற்றுக்கான தொகை மற்றொன்று. முன்னது ஊதியம் எனப்படும். பின்னதை ஈடுசெய்யத் தரப்படுபவை படிகள் எனப்படும். தமிழ்நாட்டில் இவ்விரண்டும் கலந்து ஒரே மாதத் தொகையாகக் கைக்கு வரும் ஏற்பாடு நெடுங்காலமாக நிலைத்திருப்பதால், சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளம் பற்றிய விவாதம் ஒவ்வொரு முறையும் தொகை பெரிதா சிறிதா என்பதிலேயே நின்றுபோகிறது. செலவு உண்மையில் நடந்ததா, அதை யார் சரிபார்ப்பது, தொகையை யார் முடிவுசெய்வது என்ற கேள்விகள் எழுவதில்லை. திருச்சிராப்பள்ளியும் ஸ்ரீரங்கமும் இந்தக் கேள்விகளை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான இடங்கள். மாதம் 500 ரூபாய் ஊதியத்தில் பணியாற்றிய ஓர் அமைச்சரையும், ஒரு ரூபாய் ஊதியம் போதும் என்று அறிவித்திருந்த ஒரு முதலமைச்சரையும், சம்பள உயர்வைக் கண்டித்துத் தில்லித் தெருவில் அமர்ந்த விவசாயிகளையும் இந்த ஒரு வட்டாரத்தின் வரலாற்றிலேயே காணமுடிகிறது.

2017 ஜூலை 19 அன்று, முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி, சட்டமன்ற உறுப்பினர்களின் மாதத் தொகை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்படும் எனப் பேரவையில் அறிவித்தார். அப்போது காவிரிப் படுகை கடும் வறட்சியின் பிடியில் இருந்தது. திருச்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் பி. அய்யாக்கண்ணுவின் தலைமையில் தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கத்தினர், கடன் தள்ளுபடியும் வறட்சி நிவாரணமும் கேட்டு, அதே ஜூலை மாதத்தில் இரண்டாம் முறையாகத் தில்லி ஜந்தர் மந்தரில் போராடிக்கொண்டிருந்தனர். அறிவிப்பைக் கேட்ட அவர்கள் செருப்பால் தம்மைத் தாமே அடித்துக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 1 அன்று, மக்களவையில் பேசிய வருண் காந்தி இந்த இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துக் காட்டி, உறுப்பினர்கள் தமக்குத் தாமே ஊதியம் நிர்ணயித்துக்கொள்ளும் முறை நீங்கி வெளியமைப்பு ஒன்று அதைச் செய்யவேண்டும் எனக் கேட்டார். உயர்வுக்கான சட்டமுன்வடிவு 2018 ஜனவரியில், அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்த வேளையில், பேரவைக்கு வந்தது. திமுக எதிர்த்தது, ஆயினும் அது நிறைவேறியது, 2017 ஜூலை 1 என்ற பழைய தேதியிலிருந்தே நடைமுறைக்கும் வந்தது.

அந்த 1,05,000 ரூபாயின் உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பழைய 55,000 ரூபாயில் ஊதியம் என்ற பெயரில் இருந்தது வெறும் 8,000 ரூபாய்தான். புதிய தொகையில் அது 30,000 ஆயிற்று. மீதமுள்ள 75,000 ரூபாயும் படிகளே: தொகுதிப்படி 25,000, வாகனப்படி 25,000, ஈட்டுப்படி 10,000, தொலைபேசிப்படி 7,500, தொகுப்புப்படி 5,000, அஞ்சல்படி 2,500. தொகுதிப்படி என்பது தொகுதியில் மக்கள் பணி செய்வதற்கு ஆகும் செலவுக்கானது. அது 10,000 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் இரண்டரை மடங்காயிற்று. ஈட்டுப்படி, தொகுப்புப்படி என்பவை எந்தச் செலவை ஈடுசெய்கின்றன என்பதை அவற்றின் பெயரைக் கொண்டு ஒரு குடிமகனால் ஊகிக்க இயலாது. இவை அனைத்தும் மாதந்தோறும் முழுத்தொகையாகத் தரப்படுபவை என்பதால், உறுப்பினர் அலுவலகம் நடத்தினாலும் பூட்டிவைத்தாலும், ஒரு கடிதம் அனுப்பினாலும் ஓராயிரம் அனுப்பினாலும் தொகை மாறுவதில்லை. செலவைப் பொறுத்து மாறாத ஒரு படி, நடைமுறையில் ஊதியமே. ஊதியமாக அறிவித்தால் வரியும் விமர்சனமும் வரும் என்ற நிலையில் படியாக வழங்குவது எளிதான வழியாகிவிடுகிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(17) பிரிவு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதிப்படிக்கும் தினப்படிக்கும் வரிவிலக்கு அளித்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த அமைப்பு எவ்வளவு கோணலானது என்பதற்கு ஓய்வூதியமே சான்று. முன்னாள் உறுப்பினர்களின் மாத ஓய்வூதியம் 2025இல் 35,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டபோது, அது 2017இல் வகுத்த ஊதியமான 30,000 ரூபாயையே தாண்டிவிட்டது.

உறுப்பினர்களுக்குப் பணமே தரக்கூடாது என்ற வாதம் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அடிக்கடி கேட்பது; அதை ஏற்பது பெரும் தவறாகும். ஊதியமில்லாத சட்டமன்றம் செல்வர்களின் சட்டமன்றமாகவே அமையும் என்பதை உணர்ந்துதான், 1838இல் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் வெளியிட்ட மக்கள் சாசனம் உறுப்பினர்களுக்கு ஊதியம் வேண்டும் என்பதை அதன் ஆறு கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தது. அது நிறைவேறி ஆண்டுக்கு 400 பவுண்டு வழங்கப்பட 1911 வரை காத்திருக்க நேர்ந்தது. திருச்சிக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. பொன்மலை ரயில்வே தொழிலாளர் இயக்கத்தில் உருவான கே. ஆனந்த நம்பியார் 1962, 1967 தேர்தல்களில் திருச்சியின் மக்களவை உறுப்பினரானார். அவருக்குப் பின் எம். கல்யாணசுந்தரம் 1971, 1977 தேர்தல்களில் வென்றார். பொன்மலைச் சங்கத் திடலில் வளர்ந்த பாப்பா உமாநாத் 1989இல் திருவெறும்பூரிலிருந்து சட்டமன்றம் சென்றார். 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மாதம் 400 ரூபாய் ஊதியமும், அமர்வு நாளுக்கு 21 ரூபாய் தினப்படியும் வகுத்திருந்தது. சொத்து ஏதுமற்ற தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் தில்லியில் ஐந்தாண்டுகள் அமர்வதற்கு அத்தகைய ஏற்பாடு இன்றியமையாதது. ஆகவே ஊதியம் போதுமான அளவில் இருக்கவேண்டும்; அதைக் குறைப்பதால் நேர்மை கூடிவிடாது.

இந்தக் கடைசிக் கூற்றுக்கு ஸ்ரீரங்கத்தைவிட வலுவான சான்று வேறெங்கும் கிடைக்காது. 1991 முதல் 1996 வரை முதலமைச்சராக இருந்த ஜெ. ஜெயலலிதா, மாத ஊதியமாக ஒரு ரூபாய் மட்டுமே பெறுவதாக அறிவித்திருந்தார். 2011இல் அவர் ஸ்ரீரங்கம் தொகுதியின் உறுப்பினராகி மீண்டும் முதலமைச்சரானார். 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரையிலான அதே ஒரு ரூபாய்க் காலத்தை ஆராய்ந்த சொத்துக்குவிப்பு வழக்கில், பெங்களூரு தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா 2014 செப்டம்பர் 27 அன்று நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். ஸ்ரீரங்கம் உறுப்பினரற்ற தொகுதியாகி, 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தலைச் சந்தித்தது. 2015 மே மாதத்தில் கர்நாடக உயர்நீதிமன்றம் விடுவித்ததும், 2017 பிப்ரவரி 14 அன்று உச்சநீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை மீட்டமைத்ததும், அதற்குள் அவர் மறைந்துவிட்டதால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போனதும் அனைவரும் அறிந்த வரலாறு. சட்ட நுணுக்கங்கள் எப்படியிருப்பினும், இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றே: ஊதியத்தை மறுப்பது ஒரு சைகை, அது எந்தக் கணக்கையும் திறந்து காட்டுவதில்லை. ஒரு ரூபாய் வாங்குபவரும் ஒரு லட்சம் வாங்குபவரும் ஒரே மாதிரியான கணக்கு விதிகளுக்குக் கட்டுப்பட்டிருந்தால்தான் அந்த மறுப்புக்கு ஏதேனும் பொருள் உண்டாகும்.

சைகைக்கும் விதிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை முந்தைய தலைமுறை நன்கு அறிந்திருந்தது. காங்கிரஸ் 1931 கராச்சி மாநாட்டில், அரசுப் பணியாளரின் ஊதியம் பொதுவாக மாதம் 500 ரூபாயைத் தாண்டுதல் கூடாது என்று தீர்மானித்திருந்ததால், 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை பதவியேற்றபோது அமைச்சர்களின் ஊதியம் 500 ரூபாயாக அமைந்தது. வீட்டுக்கும் வாகனத்துக்கும் படி தனியே இருந்தது. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவரும், 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்படுவதற்குத் தம் திருச்சி வீட்டைத் தந்தவருமான மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜன் அந்த அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்றார். அந்த உச்சவரம்பு ஒருவரின் தனிப்பட்ட துறவால் வந்ததன்று. பதவிக்கு வருவதற்கு ஆறாண்டுகள் முன்பே, யார் அமைச்சராவார் எனத் தெரியாத நிலையில் வகுத்த விதி அது. ஊதியம் பெறப்போகிறவர் அதை முடிவுசெய்யும் இடத்தில் இல்லாதபோது வகுக்கும் விதிக்கே மதிப்பு உண்டு என்பதை அந்த நிகழ்வு காட்டுகிறது.

வீட்டுக்கு வருவோம். சென்னை அரசினர் தோட்டத்தில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கான விடுதி இருக்கிறது. அமைச்சர்களுக்குப் பசுமைவழிச் சாலையில் மாளிகைகள் உண்டு. தொலைவிலிருந்து வரும் உறுப்பினருக்குத் தலைநகரில் தங்குமிடம் தருவது நியாயம் என்பதில் ஐயமில்லை. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைக்கோட்டை ரயிலில் இரவெல்லாம் பயணம் செய்து வரும் ஸ்ரீரங்கம் உறுப்பினரைத் தம் சொந்தச் செலவில் அறை தேடச் சொல்வது முறையன்று. ஆனால் மயிலாப்பூர் உறுப்பினருக்குப் பேரவை முடிந்ததும் நகரப் பேருந்திலேயே வீடு திரும்ப இயலும். மாதப் படிகளின் பட்டியலில் இவ்விருவருக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை. தொகுதிப்படியிலும் வாகனப்படியிலும் இதே குறை காணப்படுகிறது. ஸ்ரீரங்கம் தொகுதி என்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு மட்டுமே என வெளியூரார் நினைப்பதுண்டு. உண்மையில் அது அம்மா மண்டபத்தைக் கடந்து, ஆற்றின் தென்கரையில் அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியச் சிற்றூர்கள் வரை விரிந்திருப்பது. 2021 தேர்தலில் அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். சென்னைத் துறைமுகம் தொகுதியிலோ 2 லட்சத்துக்கும் குறைவானோரே. நடந்தே சுற்றிவரத்தக்க தொகுதிக்கும் வாழைத் தோட்டங்களும் மானாவாரி நிலங்களும் அடங்கிய தொகுதிக்கும் ஒரே வாகனப்படி தருவது, செலவை ஈடுசெய்யும் நோக்கமே அங்கு இல்லை என்பதற்கு ஒப்புதல் போன்றது.

வீட்டுப்படி எவ்வளவு தூரம் சீர்கெட்டுப்போகும் என்பதைப் பிரிட்டன் 2009 மே மாதத்தில் கண்டது. உள் இலண்டனுக்கு வெளியேயுள்ள தொகுதிகளின் உறுப்பினர்கள் இரண்டாவதாக ஒரு வீடு வைத்துக்கொள்வதற்கு ஆண்டுக்கு 24,000 பவுண்டு அளவில் கோர அங்கே இடமிருந்தது. எந்த வீடு முதலாவது, எது இரண்டாவது என்பதை உறுப்பினரே அறிவிக்கலாம் என்ற நிலையில், பலர் அந்த அறிவிப்பை மாற்றி மாற்றிச் செய்து, இரு வீடுகளையும் பொதுப்பணத்தில் பழுதுபார்த்து, ஒன்றை விற்று ஆதாயமும் பார்த்தனர். ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளர் தகவல் உரிமைச் சட்டத்தின்படி நடத்திய நீண்ட போராட்டமும், பின்னர் டெய்லி டெலிகிராஃப் வெளியிட்ட விவரங்களும் அதை அம்பலப்படுத்தின. அவைத்தலைவர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார். சில உறுப்பினர்கள் சிறைக்கே சென்றனர். அதே ஆண்டில் இயற்றிய சட்டத்தின்வழி, நாடாளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு தர ஆணையம் உருவாகி, 2010 முதல் ஒவ்வொரு செலவுக் கோரிக்கையையும் சரிபார்த்து வெளியிடத் தொடங்கியது. வீட்டுக் கடனுக்கான வட்டி நின்றது, வாடகை மட்டுமே அனுமதி பெற்றது, இலண்டன் வட்டார உறுப்பினர்கள் வீட்டுக்காகக் கோர இயலாமற்போயிற்று. அதே ஆணையம் 2015இல் உறுப்பினர்களின் ஆண்டு ஊதியத்தை 67,060 பவுண்டிலிருந்து 74,000 பவுண்டாக உயர்த்தியபோது, கட்சித் தலைவர்களே வேண்டாம் என்று சொல்லியும் தன் முடிவை மாற்றவில்லை. சுயேச்சையான அமைப்பு என்றால் உயர்த்துவதற்கும் அதற்கு அதிகாரம் இருக்கும். தமிழக வாசகர்கள் அதையும் ஏற்க முன்வரவேண்டும்.

இந்தியாவிலும் அரைகுறையான சில அடிகள் எடுத்துவைக்கப்பட்டுள்ளன. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினரின் ஊதியத்தை மாதம் 1 லட்சம் ரூபாயாக்கி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டின்படி அது தானே உயரும் என வகுத்தது. அதன்படி 2023 ஏப்ரல் முதல் 1,24,000 ரூபாய் என 2025 மார்ச்சில் அறிவிக்கை வெளிவந்தது. ஒவ்வொரு முறையும் தமக்குத் தாமே வாக்களித்துக்கொள்ளும் கூச்சம் இதனால் நீங்கியது. ஆனால் தில்லியில் வாடகையில்லா வீடு, ஆண்டுக்கு 50,000 யூனிட் மின்சாரம், 4,000 கிலோலிட்டர் தண்ணீர் ஆகிய வசதிகள் எவ்வளவு தேவை என்ற ஆய்வுக்கு அது இடமளிக்கவில்லை. நாடாளுமன்ற நடைமுறையில் தமிழ்நாடு உடனே பின்பற்றத்தக்கது ஒன்றுண்டு: அலுவலகச் செலவுப்படியில் உதவியாளருக்கான பங்கை அவைச் செயலகமே அந்த உதவியாளருக்கு நேரடியாகச் செலுத்துகிறது. வேலை செய்தவருக்குச் சம்பளம் சென்றது என்பதற்கு அதைவிட எளிய சான்று தேவையில்லை. கேரளம் நீதிபதி ஜே.எம். ஜேம்ஸ் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையைப் பெற்ற பிறகே 2018இல் உறுப்பினர்களின் மாதத் தொகையை 39,500 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக உயர்த்தியது. பஞ்சாப் 2022இல், எத்தனை முறை வென்றிருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓய்வூதியம் எனச் சட்டமியற்றியது.

தமிழ்நாட்டில் இவ்விவாதத்தைச் சிக்கலாக்கும் ஒன்று உண்டு. அதைப் பேசாமல் சீர்திருத்தம் பேசுவது நேர்மையாகாது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் உண்மையான மாதச் செலவில் பெரும்பங்கு, சட்டம் கருதும் எந்தப் படியிலும் அடங்காதது. கல்யாணத்துக்கு மொய், காதுகுத்துக்குச் சீர், துக்க வீட்டுக்கு மாலையும் கைச்செலவும், ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை, இளைஞர் மன்றத்தின் விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை, கல்விக்கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்கு உதவி என்று நாள்தோறும் வாசலில் வந்து நிற்கும் கோரிக்கைகளுக்கு, இல்லையென்று சொல்லும் உறுப்பினர் அடுத்த தேர்தலில் அதன் விலையைக் கொடுக்கவேண்டியிருக்கும். மாதத் தொகை முழுவதையும் இதற்கே செலவிட்டாலும் போதாது. பற்றாக்குறை எங்கிருந்து நிரம்புகிறது என்பதைப் பொதுமக்கள் அறிவர், அறிந்தும் கேட்பதில்லை. ஐந்தாண்டுகளில் ஒருவர் பெறும் மொத்தத் தொகை 63 லட்சம் ரூபாய். சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவிடத் தேர்தல் ஆணையம் 2022 முதல் அனுமதிக்கும் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். கணக்கில் காட்டும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அன்றாடச் செலவு போக, இந்த இரு எண்களும் பொருந்திவரவில்லை. மொய்யும் நன்கொடையும் உறுப்பினரின் தனிச் செலவுகள், அவற்றைப் பொதுப்பணம் ஏற்காது என்று விதி தெளிவாகச் சொல்லிவிட்டால், அது உறுப்பினருக்கும் ஒரு பாதுகாப்பாகும். வாசலில் நிற்பவரிடம் மறுப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

கணக்கு என்பது இந்த வட்டார மக்களுக்குப் பழக்கமில்லாத ஒன்றா என்றால், இல்லை. மணிகண்டம் ஒன்றியத்தின் எந்தச் சிற்றூரிலும் கிராம சபை கூடும் நாளில் ஊராட்சியின் வரவு செலவு ஊரார் முன்னிலையில் வாசிக்கப்படுகிறது. தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீர் மோட்டார் பழுதுக்கு எவ்வளவு என்று கேட்க ஒரு கூலித் தொழிலாளிக்கும் உரிமை இருக்கிறது. அதே ஊரைப் பிரதிநிதித்துவம் செய்யும் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதிப்படி பற்றி அந்தச் சபையில் ஒரு வரியும் வாசிக்கப்படுவதில்லை. குறைந்த பணத்தைக் கையாள்பவர் கூடுதலாகக் கணக்குச் சொல்கிறார். கூடுதல் பணம் பெறுபவர் கணக்கே சொல்வதில்லை. இந்தத் தலைகீழ் ஒழுங்கு ஊதியத்திலும் தொடர்கிறது. 1994இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் இணைத்து உருவான திருச்சிராப்பள்ளி மாநகராட்சியில் இன்று 65 வார்டுகள் உள்ளன. திருவானைக்காவலில் சாக்கடை வழிந்தாலும், சித்திரை வீதியில் குழாய்த் தண்ணீர் நின்றாலும் மக்கள் முதலில் தேடுவது வார்டு கவுன்சிலரைத்தான். அவருக்கு 2023 ஜூலை வரை மாத ஊதியம் என ஒன்று இல்லை, கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறு அமர்வுப்படி மட்டுமே. அதன் பிறகே மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000 ரூபாய், துணைமேயருக்கு 15,000 ரூபாய், மேயருக்கு 30,000 ரூபாய் என மதிப்பூதியம் வந்தது. அலுவலகமும் உதவியாளரும் இல்லாத ஒருவரிடம் ஒரு வார்டின் அன்றாடத்தை ஒப்படைத்துவிட்டு, அவர் ஒப்பந்ததாரரை நாடாமல் இருக்கவேண்டும் என எதிர்பார்ப்பது கடினம். ஊதிய உயர்வு ஒன்று நியாயமாகத் தேவைப்படும் இடம் இதுவே.

மாநில அளவில் செய்யவேண்டிய மாற்றம், 1951ஆம் ஆண்டு ஊதியங்கள் வழங்கல் சட்டத்தைத் திருத்துவதில் தொடங்கும். அரசமைப்பின் 195ஆம் பிரிவு ஊதியத்தையும் படிகளையும் சட்டமன்றமே சட்டத்தால் தீர்மானிக்கவேண்டும் என்கிறது. ஓர் ஆணையத்தின் பரிந்துரைப்படியே தீர்மானிப்பது என்று அதே சட்டத்தில் எழுதிக்கொள்வதற்கு அப்பிரிவு தடையாக இல்லை. ஈட்டுப்படி, தொகுப்புப்படி போன்ற பெயர் விளங்காத படிகளை ஊதியத்துடன் இணைத்து, வரிக்கும் உட்படுத்தி, ஒரு நேர்மையான தொகையை அறிவிக்கலாம். உதவியாளரின் சம்பளத்தைப் பேரவைச் செயலகமே நேராகச் செலுத்தலாம். வாகனச் செலவைத் தொகுதியின் பரப்புக்கும் தொலைவுக்கும் ஏற்ப உண்மைச் செலவாக ஈடுசெய்யலாம். அடுத்த சட்டமன்றத்தின் முதல் நாளிலிருந்தே எந்த உயர்வும் நடைமுறைக்கு வரும் என்ற விதி சேர்ந்தால், உயர்த்துபவரும் பெறுபவரும் ஒருவராக இருக்கும் நிலை பெரும்பாலும் மறையும். பொதுச் செலவை வேண்டுமென்றே சுருக்கும் நோக்கம் இதில் இல்லை. சில உறுப்பினர்களுக்கு, குறிப்பாகப் பரந்த ஊரகத் தொகுதிகளிலிருந்து வருபவர்களுக்கு, இன்றைவிடக் கூடுதலாகவே கிடைக்கக்கூடும்.

இவற்றுள் முதற்படிக்குப் புதுச்சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் மனுச் செய்யாமலே பொது அதிகார அமைப்புகள் தாமாக வெளியிடவேண்டிய விவரங்களைப் பட்டியலிடுகிறது. 234 உறுப்பினர்களுள் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் எந்தத் தலைப்பில் எவ்வளவு வழங்கப்பட்டது, அரசினர் தோட்டத்து விடுதியில் யாருக்கு எந்த இல்லம் ஒதுக்கப்பட்டுள்ளது, பதவிக்காலம் முடிந்த பின்னும் காலி செய்யப்படாதவை எவை என்பதைப் பேரவைச் செயலகம் தன் இணையதளத்தில் தொகுதிவாரியாகத் தமிழில் வெளியிட்டால், அந்தப் பக்கத்தை அச்செடுத்து மணிகண்டத்துக் கிராம சபையிலோ ஸ்ரீரங்கத்துப் பகுதி சபையிலோ எடுத்துவந்து கேள்வி கேட்பதற்கு ஆட்கள் தாமாகவே வருவர்.